நுவரெலியா ஓடுதளமும் நட்சத்திரக் குதிரைகளின் ஆயுளும்

சித்திரைப் புத்தாண்டு நெருங்கும்போது பேராதனைச் சந்தியைக் கடந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக மலையேறும் வாகனங்களின் வரிசை நீண்டுவிடும். நுவரெலியாவின் வசந்தகாலம் என்றால் மலர்க் கண்காட்சியும் வாவிக்கரைக் கூட்டமும் குதிரைப் பந்தயமும் ஒருங்கே நினைவுக்கு வருகின்றன. பந்தயத்திடலுக்குச் செல்வோரிற் பெரும்பாலோர் அதனை ஒரு வேடிக்கையாகவே காண்கின்றனர். தொப்பியணிந்த சீமாட்டிகளும் வாத்தியக் குழுவும் கிண்ணத்தைப் பெறும் உரிமையாளரின் புன்னகையும் மறுநாட் பத்திரிகைகளில் இடம்பெறும். வென்ற குதிரை எவ்விதத் தகுதியின் பேரில் அவ்வோட்டத்தில் நின்றது என்பதையும், சென்ற ஆண்டு வென்ற குதிரை இப்போது எங்கே இருக்கின்றது என்பதையும் கேட்போர் சிலரே.

இவ்விரு கேள்விகளும் சிறியவையல்ல. இன்று உலகப் பந்தயத்துறை முழுவதையும் அலைக்கழிப்பவை இவைதாம். பெரும் பந்தயங்களில் இடம்பெறுவதற்கான தகுதியை யார், எதன் அடிப்படையில் நிர்ணயிப்பது? மக்கள் பெயர் சொல்லி ஆரவாரிக்கும் நட்சத்திரக் குதிரைகள் ஓரிரு ஆண்டுகளில் மறைந்துவிடாமல் நீண்ட காலம் ஓட என்ன வழி? சின்னஞ்சிறு அளவிலேனும் குதிரைப் பந்தயம் நடைபெறும் நாடு என்ற வகையிலும், கால்நடை மருத்துவக் கல்வியின் இருப்பிடமாகப் பேராதனையைக் கொண்ட நாடு என்ற வகையிலும் நாமும் இதனை அறிந்திருப்பது பயனுடையது.

முதலில் நமது கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், இங்கிலாந்திலிருந்து குதிரைகளையும் மாடுகளையும் வேட்டை நாய்களையும் தருவித்தார். அவருடைய குதிரைக்காரர் இறம்பொடைக் கணவாயில் வண்டியையும் குதிரைகளையும் பள்ளத்தில் உருளவிட்ட கதையைப் பேக்கரே 1855 இல் வெளியான தமது நூலில் நகைச்சுவையோடு எழுதியுள்ளார். வாசிப்போருக்கு அது நகைச்சுவைதான்; குதிரைகளுக்கு அவ்வாறிருந்திராது. அவருடைய சகோதரர் ஜோன் பேக்கரின் முயற்சியாலேயே அங்கு குதிரைகளைப் பழக்கும் முதல் தளம் அமைந்தது என்பர். இன்றுள்ள பந்தயத்திடல் 1875 இல் நுவரெலியா ஜிம்கானா கழகத்தால் உருவாக்கப்பட்டது. கொழும்பிலோ காலிமுகத்திடலில் நடைபெற்று வந்த பந்தயங்கள் 1893 இல் கறுவாத்தோட்டத்துப் புதிய திடலுக்கு இடம்பெயர்ந்தன. இரண்டாம் உலகப் போரின்போது அத்திடல் விமானத்தளமாயிற்று. 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது எதிர்த்தெழுந்த பிரித்தானியப் போர் விமானங்களிற் சில இப்பந்தயத் தளத்திலிருந்தே புறப்பட்டன.

1956 இல் ஆட்சிக்கு வந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க அரசின் காலத்தில் இத்துறைக்குத் தடை வந்தது. கொழும்புத் திடலின் பார்வையாளர் மேடை பின்னர் பல்கலைக்கழக மாணவரின் விரிவுரைக் கூடமாகவும் பயன்பட்டது. 2012 இல் அது கடைத்தொகுதியும் றக்பி மைதானமுமாக உருமாறியது. நுவரெலியாவில் மட்டும் 1980களின் தொடக்கத்தில் பந்தயம் புத்துயிர் பெற்றது. ஆளுநர் கிண்ணம், மகாராணி கிண்ணம் ஆகிய பழைய பெயர்கள் அங்கு இன்றும் வழங்குகின்றன. ஓடும் குதிரைகளிற் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து வந்தவை. பந்தயக் குதிரைகளைப் பெருமளவில் ஈன்று வளர்க்கும் பண்ணைத் தொழில் நம்மிடம் வேரூன்றவில்லை. நெடுந்தீவில் மேயும் குதிரைகள் ஐரோப்பியர் காலத்தின் எச்சமே. அவற்றைப் பந்தயத்தோடு இணைத்துப் பேச இடமில்லை.

இனிப் பொருளுக்கு வருவோம். 'பந்தயம்' என்னும் ஒரே சொல் தமிழில் ஓட்டத்தையும் குறிக்கின்றது, பணயத்தையும் குறிக்கின்றது. இச்சொல்லின் இரட்டைப் பொருளே இத்துறை பற்றிய நமது மயக்கங்களிற் பாதிக்குக் காரணம் எனலாம். ஓட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சூதாட்டத்தில் வந்து முடிகின்றது. ஆனால் இரண்டையும் பிரித்துக் காணும் மரபு முஸ்லிம் வாசகர்களுக்குப் புதிதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குதிரை ஓட்டப் போட்டி நடத்தியமை பற்றி இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் பிரசித்தமானது. மெலியவைத்துப் பயிற்றப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யா என்னுமிடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரையிலான நெடுந்தூரமும், அவ்வாறு பயிற்றப்படாத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலான குறுந்தூரமும் ஏற்படுத்தப்பட்டதாக அது கூறுகின்றது. முன்னையது ஐந்தாறு மைல், பின்னையது ஒரு மைல் என்பது அறிவிப்பாளர் தரும் விளக்கம். குதிரையின் ஆயத்த நிலைக்கேற்பப் போட்டியை வகுத்த ஏற்பாடு இது. ஆயத்தமற்ற குதிரையை நெடுந்தூரம் ஓட்டக்கூடாது என்னும் எளிய நியாயம் அதிலே தெரிகின்றது. இன்று கோடிக்கணக்கான டொலர் புழங்கும் திடல்களில் இந்த நியாயத்தையே விதிகளாக எழுதிக்கொள்ளப் பெரும் விவாதம் நடக்கின்றது.

தகுதி நிர்ணயத்துக்கு உலகில் ஒரே முறை இல்லை. அமெரிக்காவின் கென்டக்கி டேர்பி மூன்று வயதுக் குதிரைகளுக்கானது. 1974 இல் 23 குதிரைகள் ஒருங்கே ஓடி நெருக்குண்ட பின்னர், மறு ஆண்டிலிருந்து இருபது குதிரைகளுக்கு மட்டுமே இடம் என வரையறை செய்யப்பட்டது. நெடுங்காலம், தரப்படுத்தப்பட்ட பந்தயங்களில் ஈட்டிய பரிசுத்தொகையே அவ்விருபதில் இடம்பெறுவதற்கான அளவுகோலாக இருந்தது. இதன் விளைவு விசித்திரமானது. இரண்டு வயதில், குறுந்தூரத்தில், ஏதோ ஒரு செழிப்பான பந்தயத்தை வென்ற குட்டி, அதன்பின் எதுவும் சாதிக்காவிட்டாலும் டேர்பி வாயிலில் நின்றது. 2013 முதல் பரிசுத்தொகையை விட்டுப் புள்ளி முறைக்கு மாறினர். டேர்பிக்கு அண்மித்த, நெடுந்தூர ஓட்டங்களுக்கே கூடிய புள்ளி. முறை திருந்தியது உண்மை. எனினும் குட்டிகள் இளவயதிலேயே விரட்டப்படும் நிலை முற்றாக நீங்கவில்லை. 2023 இல் டேர்பி நடைபெறும் சேர்ச்சில் டவுன்ஸ் திடலில் ஏறத்தாழ ஒரு மாத காலத்துக்குள் பன்னிரண்டு குதிரைகள் இறந்தன. பந்தயங்களைத் தற்காலிகமாக வேறு திடலுக்கு மாற்றவேண்டியதாயிற்று.

ஜப்பானின் கதை வேறு. அங்கு முதன்மையான மூன்று வயதுப் பந்தயங்களில் ஓடுவதற்குக் குதிரையைச் சிறுவயதிலேயே பதிவு செய்திருத்தல் வேண்டும். 1988 இல் ஓகுரி கப் என்னும் குதிரை கசமட்சு என்ற மாகாணத் திடலிலிருந்து தேசியத் திடல்களுக்கு வந்து தொடர்ச்சியாக வென்றது. ஆயினும் அப்பதிவு செய்யப்படாத காரணத்தினால் பெரும் மூன்று வயதுப் பந்தயங்கள் எதிலும் அது ஓட இயலவில்லை. நாட்டிலேயே சிறந்ததென்று மக்கள் கருதிய குதிரை, ஒரு படிவம் நிரப்பப்படாமையால் வெளியே நின்றது. இதனால் எழுந்த அதிருப்தியின் பின்னர், 1992 முதல், பின்னொரு கட்டத்திலும் பெருங்கட்டணம் செலுத்திச் சேரும் வழி ஏற்படுத்தப்பட்டது. இவ்வழியாக 1999 இல் இருபது இலட்சம் யென் செலுத்தி நுழைந்த ரி.எம். ஒபெரா ஓ, முதன்மைப் பந்தயங்களுள் ஒன்றாகிய சட்சுகி ஷோவை வென்றது. மறு ஆண்டில் அது ஓடிய எட்டு ஓட்டங்களிலும் முதலிடம் பெற்றது. ஒரு விதித் திருத்தம் ஒரு நட்சத்திரத்தை உருவாக்கியது என்று சொன்னால் அது மிகையாகாது.

ஜப்பானியரின் இன்னோர் ஏற்பாட்டையும் இங்கே சொல்லவேண்டும். ஆண்டிறுதியில் நடைபெறும் அரிமா கினென் பந்தயத்தில் ஓடும் குதிரைகளிற் பெரும்பகுதியை ரசிகர்கள் வாக்களித்துத் தெரிவுசெய்கின்றனர். வாக்கில் முன்னணி வகிக்கும் பத்துக் குதிரைகளுக்கு இடமுண்டு. எஞ்சிய இடங்களே பரிசுத்தொகை அடிப்படையில் நிரப்பப்படுகின்றன. முதிர்ந்த குதிரையை ஓய்வுக்கு அனுப்ப நினைக்கும் உரிமையாளருக்கு, இன்னும் ஓர் ஆண்டு பொறுத்துப் பார்க்கலாம் என்ற எண்ணத்தை அந்த வாக்குகள் தருகின்றன. 1990 இல் ஓகுரி கப் தனது இறுதி ஓட்டமாக அரிமா கினெனில் ஓடி வென்றபோது நக்கயாமா திடலில் ஒரு இலட்சத்து எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் கூடியிருந்தனர். அதற்கு முந்திய ஓட்டங்களில் அது தோற்றுத் தளர்ந்திருந்தது. திரைப்படக் கதாசிரியர் எழுதியிருந்தால் நம்பமாட்டோம்.

நட்சத்திரங்கள் விரைவில் மறைவதன் காரணம் பலர் எண்ணுவதுபோலக் காயமோ முதுமையோ மட்டுமன்று. பொருளாதாரமே முதற் காரணம். பந்தயக் குதிரை இனத்தில் செயற்கைமுறைச் சினைப்படுத்தல் அனுமதிக்கப்படுவதில்லை. ஆகவே சிறந்த பொலிகுதிரை ஒன்றின் இனவிருத்திக்கு அக்குதிரையே நேரில் தேவை. இங்கிலாந்தில் டுபாவி, ஃபிராங்கெல் ஆகிய பொலிகுதிரைகளுக்கு ஒரு பெட்டைக்கு அறவிடப்படும் கட்டணம் மூன்று இலட்சத்து ஐம்பதாயிரம் பவுண் வரை உயர்ந்துள்ளது. நூறு பெட்டைகள் என்று கொண்டால் ஒரு பருவத்தில் மூன்றரைக் கோடி பவுண். ஐரோப்பாவின் செல்வச் செழிப்பு மிக்க பந்தயமாகிய பாரிஸின் ஆர்க் டி ரியோம்ஃபின் மொத்தப் பரிசே ஐம்பது இலட்சம் யூரோதான். வென்றவருக்கு அதில் ஒரு பகுதியே கிடைக்கும். இவ்வாறிருக்க, கால் முறியும் ஆபத்தோடும் தோல்வியால் மதிப்பிழக்கும் ஆபத்தோடும் இன்னோர் ஆண்டு ஓட்டுவதற்கு எந்த உரிமையாளர் விரும்புவார்?

2018 இல் அமெரிக்காவின் மும்முடிப் பந்தயங்களை வென்ற ஜஸ்ரிபை, பெப்ரவரியில் முதன்முதலாக ஓடி, யூன் மாதத்தில் மூன்றாம் முடியை வென்று, யூலையில் ஓய்வு பெற்றது. நான்கு மாதத்துக்கும் குறைந்த பந்தய வாழ்வு, ஆறு ஓட்டங்கள், ஆறும் வெற்றி. 2022 இல் பிளைற்லைன் என்னும் குதிரையும் ஆறே ஓட்டங்களோடு விடைபெற்றது. அதன் நூற்றுக்கு இரண்டரை வீதப் பங்கு ஒன்று ஏலத்தில் 46 இலட்சம் டொலருக்கு விலைபோனது. அவ்வீதத்திற் கணக்கிட்டால் முழுக் குதிரையின் மதிப்பு 18 கோடியே 40 இலட்சம் டொலர். இத்தகைய குதிரையைப் பொருளியலாளர் நடமாடும் வங்கி என்பார். ரசிகனோ பெயரைப் பழகிக்கொள்ளுமுன் அதனை இழந்துவிடுகின்றான். கிரிக்கெட்டில் ஒரு துடுப்பாட்ட வீரர் தமது ஆறாவது சதத்தோடு ஓய்வு பெற்றால் அவ்விளையாட்டு எப்படி வளரும் என்று எண்ணிப் பார்த்தால் நிலைமை விளங்கும்.

இதைத் திருத்த எடுக்கப்பட்ட முயற்சிகளிற் பெரும்பாலானவை பரிசுத்தொகையை உயர்த்துவனவாகவே அமைந்தன. 1996 இல் தொடங்கிய டுபாய் உலகக் கிண்ணத்தின் முதல் வெற்றியாளர் அமெரிக்காவின் சிகார். 2020 இல் தொடங்கிய சவூதி கிண்ணத்தின் பரிசு இரண்டு கோடி டொலர். இவற்றால் முதிர்ந்த குதிரைகள் ஓடுவதற்கு ஓர் இலக்குக் கிடைத்தது என்பது உண்மை. பணத்தைப் பணத்தால் வெல்லும் இம்முயற்சி, பொலிகுதிரைச் சந்தையின் உச்சத்தை எட்டவில்லை என்பதும் உண்மை. மறுபுறம் அமெரிக்க ஜொக்கி கிளப் 2020 இல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. அவ்வாண்டிலும் அதன் பின்னரும் பிறந்த பொலிகுதிரை ஒன்று ஆண்டுக்கு 140 பெட்டைகளுக்கு மேல் சேரக்கூடாது என்பதே அது. இரத்தக்கலப்பின் குறுக்கத்தைத் தடுப்பதே அதன் நோக்கமாகக் கூறப்பட்டாலும், பொலிவருமானத்துக்கு ஓர் உச்சவரம்பு வந்திருந்தால் குதிரைகள் திடலில் சற்று நீடித்திருக்கவும் கூடும். பண்ணை முதலாளிகள் வழக்குத் தொடுத்தனர். 2022 பெப்ரவரியில் விதி மீளப் பெறப்பட்டது. ஐந்து வயதுக்கு முன் பொலிக்கு விடப்பட்ட குதிரையின் குட்டிகளுக்குப் பெரும் பந்தயங்களில் இடமில்லை என்று விதித்தால் ஒரே நாளில் நிலைமை மாறும். அதற்கான துணிவு எந்த நாட்டின் பந்தயச் சபையிடமும் இருப்பதாகத் தெரியவில்லை.

நட்சத்திரங்கள் நீடிக்கும் இடங்கள் இரண்டுண்டு. ஒன்று பெட்டைக்குதிரை. அது ஆண்டுக்கு ஒரு குட்டியே ஈனும். ஆகவே அதனை அவசரமாகப் பண்ணைக்கு அனுப்புவதில் பொலிகுதிரை போன்ற இலாபம் இல்லை. அவுஸ்திரேலியாவின் மக்காயிபி டீவா 2003, 2004, 2005 என மூன்று ஆண்டுகள் மெல்பேர்ண் கிண்ணத்தை வென்றது. வின்க்ஸ் 2015 முதல் 2018 வரை நான்கு முறை கொக்ஸ் பிளேற்றை வென்று, தொடர்ச்சியான 33 வெற்றிகளோடு 2019 இல் ஓய்வு பெற்றது. மற்றையது காயடிக்கப்பட்ட குதிரை. அதற்குப் பண்ணையில் வேலை இல்லை. ஓடுவதே அதன் வாழ்வு. அமெரிக்காவில் கெல்சோ 1960 முதல் 1964 வரை ஐந்து முறை ஆண்டின் சிறந்த குதிரையாகத் தெரிவானது. குட்டியாயிருக்கையில் வெறும் 1,100 டொலருக்கு விற்கப்பட்ட ஜோன் ஹென்றி, ஒன்பது வயதில், 1984 இல், இரண்டாம் முறையாக அவ்விருதைப் பெற்றது. குதிரை வளர்ப்புப் பண்ணைகளே இல்லாத ஹொங்கொங்கில் பெரும்பாலானவை காயடிக்கப்பட்ட குதிரைகள். ஆகையால் அங்குள்ள ரசிகர் தமது நட்சத்திரத்தை ஐந்தாறு பருவங்கள் காண்கின்றனர். அங்குள்ள ரோமன்ரிக் வொரியர் உலகிலேயே அதிக பரிசுத்தொகை ஈட்டிய குதிரையாயிற்று. 2025 இல் அதன் முன்கால் மூட்டில் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே மீண்டும் ஓடி, ஹொங்கொங் கிண்ணத்தை நான்காவது முறையாக வென்றது. பொலிக்கு மதிப்புள்ள குதிரையாயிருந்தால் அந்த அறுவைச் சிகிச்சையோடு அதன் பந்தய வாழ்வு முடிந்திருக்கும்.

இங்கேதான் தகுதி விதியும் நட்சத்திரத்தின் ஆயுளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. எப்சம் டேர்பியும் ஆர்க் பந்தயமும் இனவிருத்திக்கான குதிரைகளைத் தெரிந்தெடுக்கும் தேர்வுகளாக வகுக்கப்பட்டவை. எனவே காயடிக்கப்பட்ட குதிரைகளுக்கு அவற்றில் இடமளிக்கப்படவில்லை. ஆகாகான் பண்ணையின் கலண்டகன் 2025 இல் இங்கிலாந்தின் கிங் ஜோர்ஜ், சம்பியன் ஸ்ரேக்ஸ் ஆகியவற்றை வென்றது. நொவெம்பரில் ஜப்பான் கிண்ணத்தையும் வென்றது. அதே ஆண்டு ஒக்டோபரில், தான் பயிற்சி பெறும் நாட்டின் தலைநகரில் நடைபெற்ற ஆர்க்கில் மட்டும் அதற்கு நுழைய வழி இருக்கவில்லை. இனவிருத்தித் தேர்வு என்ற நியாயம் நூறாண்டுக்கு முன் பொருந்தியிருக்கலாம். உலகின் தலைசிறந்த ஓட்டம் எனத் தன்னை அழைத்துக்கொள்ளும் பந்தயம், தலைசிறந்த குதிரையை வாயிலிலே நிறுத்திவைப்பது நகைப்புக்கிடமானது.

மருத்துவத் தகுதி பற்றிய விவாதம் இதனினும் கூர்மையானது. 2019 எப்சம் டேர்பியை வென்ற அன்ரனி வான் டைக், 2020 மெல்பேர்ண் கிண்ண ஓட்டத்தில் கால் முறிந்து உயிரிழந்தது. வெளிநாட்டுக் குதிரைகள் பல அதற்கு முந்திய ஆண்டுகளிலும் அங்கு மடிந்திருந்தமையால், 2021 முதல் அவற்றுக்குக் கால்களின் சி.ரி. ஸ்கான் பரிசோதனை கட்டாயமாயிற்று. குதிரையின் கால் எலும்பு திடீரென முறிவதாகக் காண்பவருக்குத் தோன்றினும், பெரும்பாலும் அதற்கு முன்பே நுண்ணிய பிளவுகள் அங்கு உண்டாகியிருக்கும். அவற்றை முன்கூட்டிக் காண்பதே இப்பரிசோதனையின் நோக்கம். 2024 இல் அயர்லாந்தின் யான் புரூகெல் என்னும் குதிரையை மருத்துவர் குழு ஓட விடவில்லை. குதிரை நலமாயிருக்கின்றது எனப் பயிற்றுநர் கடுமையாக வாதிட்டார். மறு ஆண்டு அதே குதிரை எப்சத்தில் கொரனேஷன் கிண்ணத்தை வென்றது. தோற்றது மேலே சொன்ன கலண்டகனே. பயிற்றுநர் சொன்னது சரி என்று ஒரு சாரார் கூறினர். அன்று ஓடாமையாலேயே இன்று ஓடுகின்றது என்று மறுசாராரும் கூறலாம். இரண்டாவது வாதத்தை எவராலும் நிரூபிக்கவோ மறுக்கவோ இயலாது. எனினும் ஐயத்தின் பயன் குதிரைக்கே கொடுக்கப்படுதல் வேண்டும் என்பது எமது கருத்து.

குதிரை பராமரிப்பின்மையால் மடிவது தமிழ்நிலத்துக்கும் பழைய கதை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டின் காயல் துறைமுகத்துக்கு அரபு, பாரசீகக் குதிரைகள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வந்திறங்கின. ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார் எனப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகின்றார். இவ்வணிகத்தின் தலைவர்களாகிய முஸ்லிம் பெருவணிகர் பாண்டியனின் அரசவையிலும் செல்வாக்குப் பெற்றிருந்தனர். வந்த குதிரைகளிற் பெரும்பாலானவை ஓராண்டு முடிவதற்குள் மடிந்துவிடும் என்று மார்க்கோ போலோ வியப்போடு குறிப்பிடுகின்றார். வளர்க்கத் தெரிந்தவர் இல்லை; சமைத்த சோறும் இறைச்சியும் தீனியாகக் கொடுக்கப்பட்டன. குதிரை மருத்துவம் அறிந்தவர் எவரும் அங்கு போகாதவாறு வணிகர்கள் பார்த்துக்கொண்டனர் என்றும் அவர் எழுதுகின்றார். குதிரைகள் சாகச் சாகத்தானே புதியவை விலைபோகும். மணிவாசகர் குதிரை வாங்கக் கொண்டுசென்ற பொன்னைக் கோயிலுக்குச் செலவிட்ட கதையைப் பக்தியோடு கேட்டு வளர்ந்த நாம், அக்குதிரைகள் வந்திருந்தால் எத்தனை நாள் உயிரோடிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

அக்காலக் காயலுக்கும் இன்றைய நுவரெலியாவுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் இறக்குமதியையே நம்பியவை. நமக்குக் குதிரைகள் வரும் இந்தியாவிலோ பந்தயத்துறை நெருக்கடியில் உள்ளது. தமிழக அரசு 2024 யூனில் உதகமண்டலம் பந்தயத்திடலையும், அதே ஆண்டு செப்டெம்பரில் சென்னை கிண்டித் திடலின் 160 ஏக்கர் நிலத்தையும் குத்தகைப் பிரச்சினையின் பேரில் மீட்டெடுத்தது. கிண்டியின் பந்தய வரலாறு பதினெட்டாம் நூற்றாண்டு வரை பின்செல்வது. இந்தியாவின் தனித்துவமான ஏற்பாடுகளில் ஒன்று, 1963 இல் தொடங்கிய அழைப்புக் கிண்ணம். வெவ்வேறு நகரங்களின் பந்தயச் சபைகளைச் சேர்ந்த சிறந்த குதிரைகள் தரவரிசையின் பேரில் அழைக்கப்பட்டு ஒரே நாளில் மோதுகின்றன; நடத்தும் நகரம் முறை மாறி வரும். இந்திய டேர்பியைப் போன்று ஒரே வயதினருக்கென்று வரையறுக்கப்படாமல், முதிர்ந்த குதிரைக்கும் ஓர் உச்ச இலக்கை இது வைத்தது. நம்மவர் பின்பற்றத்தக்க மாதிரி டேர்பியன்று, இதுவே.

ஏனெனில், குட்டி ஈன்று வளர்க்கும் பண்ணைகள் இல்லாத நாட்டில் மூன்று வயதுக் குதிரைகளுக்கான முதன்மைப் பந்தயம் பொருளற்றது. பொலிகுதிரைச் சந்தை இல்லாமை நமக்குக் குறையாகத் தோன்றலாம். ஹொங்கொங்கின் அனுபவத்தின்படி அது வாய்ப்பாகவும் அமையலாம். ஆளுநர் கிண்ணத்தில் வென்ற குதிரை அடுத்த ஏப்ரலிலும் அதற்கடுத்த ஏப்ரலிலும் மலையேறி வருமாயின், நுவரெலியாவுக்கு வரும் சாதாரண குடும்பமும் அதன் பெயரை நினைவில் வைத்திருக்கும். அதற்குத் தகுதி முறை தெளிவாயிருத்தல் வேண்டும். சென்ற பருவத்து ஓட்டங்களின் புள்ளிகளா, தரவரிசை எடையா, நடுவரின் தெரிவா என்பது பந்தயம் தொடங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே பகிரங்கமாக அறிவிக்கப்பட வேண்டும். வலிய குதிரைக்குக் கூடுதல் எடை சுமத்திச் சமன்செய்யும் முறை இங்கு நெடுங்காலமாகப் பழக்கத்திலுள்ளது. சிறிய எண்ணிக்கையான குதிரைகளிடையே அது போட்டியைச் சுவையாக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆண்டுதோறும் வெல்லும் குதிரையின் முதுகில் ஆண்டுதோறும் எடையை ஏற்றிக்கொண்டே போனால், நட்சத்திரத்தை நாமே நசுக்குகின்றோம். பிரதான கிண்ணத்திலேனும் வயதுக்கேற்ற சம எடை இருப்பது நன்று.

இரண்டாவது, மருத்துவம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. சமவெளியிலிருந்து அங்கு கொண்டுவரப்படும் குதிரையின் மூச்சும் இரத்தமும் அவ்வுயரத்துக்குப் பழகக் காலம் தேவை. மழையில் ஊறிய புல்தரை கால்மூட்டுக்கும் தசைநாணுக்கும் ஏற்படுத்தும் ஆபத்து தனி. நாட்டின் ஒரே கால்நடை மருத்துவ பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. அதன் போதனா வைத்தியசாலையும் அங்கேயே. கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களமும் கன்னொருவைக் கால்நடை ஆராய்ச்சி நிறுவகமும் பேராதனையைச் சுற்றியே அமைந்துள்ளன. மாடும் ஆடும் யானையும் நாயும் பெறும் கவனத்தை இங்கு குதிரை பெறுவதில்லை. எண்ணிக்கையில் அவை சிலவே என்பதால் அது இயல்பானதுதான். எனினும் பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு குதிரையின் காலையும் எக்ஸ்-கதிர்ப் படமெடுத்து, ஓடலாமா கூடாதா என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம், கழகத்திடம் சம்பளம் பெறாத ஒரு பேராதனைக் குழுவிடம் ஒப்படைக்கப்படுமானால், மாணவருக்குப் பயிற்சியும் குதிரைக்குப் பாதுகாப்பும் ஒருசேரக் கிட்டும். பேராதனையிலிருந்து திடலுக்குள்ள தூரம் ஒரு காலைப் பயணமே.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பேராதனைக் கலைப்பீடத்தில் நாம் கற்ற நாட்களில், விடுமுறைக்கு நுவரெலியா சென்று வந்த நண்பர்கள் பந்தயத்தைப் பற்றிப் பேசும்போது குதிரையின் பெயரைச் சொன்னதாக நினைவில்லை. யார் எவ்வளவு வென்றார், யார் பஸ்ஸுக்குப் பணமின்றி நின்றார் என்பதே பேச்சாயிருந்தது. கண்டி நகரின் சந்துகளில் இன்றும் 'புக்கி' நிலையங்களில் இங்கிலாந்துத் திடல்களின் ஓட்டங்களுக்குப் பணம் கட்டுவோர், அச்சடித்த தாளில் உள்ள பெயருக்கே கட்டுகின்றனர். அக்குதிரையை அவர்கள் ஒருபோதும் கண்டதில்லை. நாட்கூலியோடு அங்கு நுழைந்து வெறுங்கையோடு வீடு திரும்பும் தந்தையரால் வாடும் குடும்பங்களை இப்பகுதியில் அறியாதார் இல்லை. பந்தயத்துறையை ஆதரித்து எழுதுவோர் இதனைக் கண்மூடிக் கடப்பது நேர்மையன்று. டுபாய் உலகக் கிண்ணம் நடைபெறும் மெய்டான் திடலில் பணயம் கட்டும் சாளரங்கள் இல்லை என்பதும், போட்டியிடுவோர் தமக்குள் பணம் வைக்காது மூன்றாம் தரப்பினர் வழங்கும் பரிசைப் பெறுவதில் தடையில்லை என்பது மார்க்க அறிஞர் பலரின் பொதுவான கருத்து என்பதும் கவனிக்கத்தக்கவை. நுழைவுக் கட்டணம், அனுசரணையாளர், உல்லாசப் பயணத்துறை ஆகியவற்றின் வருவாயில் பந்தயத்தை நடத்துவது கடினமே. ஆனால் பணயத்தை நம்பிய பந்தயத்துக்குக் குதிரையின் ஆயுள் ஒரு பொருட்டன்று. அதற்குத் தேவை அடுத்த ஓட்டம். எந்தக் குதிரை ஓடினாலும் சரி.

2025 இல் கென்டக்கி டேர்பியை வென்ற சொவ்ரின்ரியின் உரிமையாளரும் பயிற்றுநரும், இரண்டே வாரத்தில் வரும் பிரீக்னெஸ் பந்தயத்துக்கு அதனை அனுப்பவில்லை. மும்முடி வாய்ப்பைக் கைவிடுவதா எனப் பலர் சினந்தனர். குதிரைக்கு ஓய்வளித்து யூனில் பெல்மொன்ட் பந்தயத்தில் ஓடவிட்டனர்; அது வென்றது. நுவரெலியாவில் ஏப்ரல் மாதத்துச் சில நாட்களுக்குள் ஒரே குதிரையை மீண்டும் மீண்டும் ஓட்டும் ஆசை எழும்போதெல்லாம் இம்முடிவை எண்ணிப் பார்க்கலாம். ஓர் ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் இடையில் இத்தனை நாள் இடைவெளி என்று எழுதுவதற்குப் பெரும் பணம் தேவையில்லை. பந்தய விதிப் புத்தகத்தில் ஒரு வரி போதும்.